ஆற்றுக் கொசுக்களும் அவற்றின் உறைவிடங்களும்

மாரிகாலத்து மாலை வேளையில் விளக்கடியிற் புத்தகத்தை விரித்து வைத்திருந்த மாணவர் எவரும், அப்புத்தகத்தின்மேல் வந்து விழுந்த சிறு பூச்சிகளை மறந்திருக்க மாட்டார். அவற்றை நுளம்பு என்று கருதி நாமும் அந்நாளிற் பல தடவை அடித்துக் கொன்றிருக்கின்றோம். கொன்றவற்றுட் பல குற்றமற்றவை என்பதைப் பிற்காலத்தில் விலங்கியல் கற்றபோதே அறிந்தோம். அவை ஒருவரையும் கடிப்பதில்லை. கடிப்பதற்கு வேண்டிய வாயுறுப்பும் அவற்றுக்கு இல்லை.

தமிழகத்தார் நுளம்பையே கொசு என்பர். ஈழத்து வழக்கிலோ நுளம்பு வேறு, கொசு வேறு. இவ்வேறுபாடு ஈண்டு நமக்குப் பெரிதும் உதவுகின்றது. இக்கட்டுரையிற் கொசு என்னுஞ் சொல்லால், விலங்கியலார் கைரொனோமிடே என வழங்கும் கடியாக் கொசுக் குடும்பத்தையே குறிப்போம். நுளம்புக்கு ஊசிபோன்ற நீண்ட துதிக்கையும் சிறகு நரம்புகளிற் செதிலும் உண்டு, கொசுவுக்கு இரண்டுமில்லை. சுவரில் இருக்கும்போது நுளம்பு பின்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். கொசு முன்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். இதனை அறிந்தோர் அடிக்குமுன் ஒரு கணம் நின்று பார்க்கலாம்.

இக்குடும்பத்தில் இதுவரை 7,000 இனங்களுக்கு மேல் விவரிக்கப்பட்டுள்ளன. உலகில் இவை இல்லாத கண்டமில்லை. தென்முனைக் கண்டத்தில் வாழும் சிறகற்ற கொசுவொன்றே அந்நிலத்துக்குரிய முழுநிலவாழ் விலங்குகளுள் மிகப் பெரியது என்பர். நேபாளத்து யாலாப் பனியாற்றில் 1984 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட கொசு, நீர் உறையும் நிலைக்கும் 16 பாகை கீழான குளிரில் நடமாடக் காணப்பட்டது. ஆபிரிக்காவின் பாறைக்குழிகளில் வாழும் இன்னோரினத்தின் குடம்பி, குழிநீர் வற்றியதும் தானும் முற்றாக உலர்ந்து, ஆண்டுகள் பல கழித்து நீர் பட்டவுடன் மீண்டும் நெளியத் தொடங்குகின்றது. இங்ஙனம் எங்கும் பரந்த குடும்பமாயினும், தனித்தனி இனத்தை எடுத்து நோக்கின் அவ்வவ்வினம் தனக்கென வரையறுத்த இடத்தையன்றி வேறிடத்தை நாடுவதில்லை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே ஆற்றுக் கொசுக்களைப் பற்றிய ஆராய்ச்சி சுவையுடையதாகின்றது.

கொசு வாழுமிடம் எது என வினவும்போது, அதன் குடம்பி வாழுமிடம் எது என்பதையே நாம் உண்மையில் வினவுகின்றோம். பறக்கும் பருவம் சில நாட்களுக்கே உரியது. கூழ் போன்ற பொருளுட் பொதிந்து நீரில் இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிப்படும் குடம்பி, நான்கு பருவங்கள் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலைக் கழற்றிவிட்டுப் பறந்து செல்கின்றது. ஆகவே அதன் வாழ்நாளிற் பெரும்பகுதி நீரடியிலேயே கழிகின்றது. அந்நீரடி எத்தகையது, அதன்மேல் ஓடும் நீரின் விரைவு யாது, அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, உணவாக வருவது யாது என்பனவே அக்குடம்பி அங்கே இருக்குமா இராதா என்பதைத் தீர்மானிப்பன.

ஓராற்றை அதன் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்ப்போமாயின் இது நன்கு விளங்கும். பனியாறு உருகி வரும் ஓடைகளில், வெப்பநிலை இரண்டு பாகை சதமத்தைத் தாண்டாத இடங்களில், தயமீசா என்னும் கொசுவினமே ஏறக்குறையத் தனியாட்சி செலுத்துகின்றது. சற்றே சூடேறிய மலையோடைகளிற் கற்களைப் பற்றி வாழும் வேறு கொசுக்கள் சேர்கின்றன. சமவெளியை அடைந்து ஓட்டந் தளர்ந்ததும் மணலில் வாழ்வனவும், அதற்குங் கீழே சேற்றில் வாழ்வனவும் இடம்பெறுகின்றன. சேற்றுக் குடம்பிகளுட் பல இரத்தம் போலச் சிவந்தவை. மீன்தொட்டி வைத்திருப்போர் கடையில் வாங்கும் இரத்தப்புழு என்பது இதுவே. அச்சிவப்பு நமது குருதியிலுள்ள ஈமோகுளோபினின் உறவுப் பொருளாலேயே வந்தது. ஆயினும் நம்மிற்போலக் கலங்களுள் அடங்கியிராது உடற்பாய்மத்திற் கரைந்திருக்கின்றது. அழுகற்பொருள் நிறைந்து ஒட்சிசன் குன்றிய சேற்றிலே, பிற பூச்சிகள் மூச்சுத் திணறி மாளுமிடத்து, இக்குடம்பி தான் கட்டிய குழாயினுள் உடலை அலைபோல் அசைத்து நீரை இழுத்து, எஞ்சியிருக்கும் சிறிதளவு ஒட்சிசனையும் பற்றிக்கொள்கின்றது. பட்டினத்துக் கழிவுநீர் வந்து விழும் வாய்க்காலுக்குச் சற்றுக் கீழே இவை பெருகியும் ஏனையவை அருகியுங் காணப்படுவதன் காரணம் இதுவே. 1908, 1909 ஆம் ஆண்டுகளிற் கொல்கவிட்சு, மார்சன் என்னும் செருமானியர் இருவர், நீரில் வாழும் உயிர்களைக் கொண்டே ஆற்றின் அழுக்கை அளக்கும் முறையொன்றை வகுத்தனர்.

இவ்வளவும் பொதுவிதி. விதியை ஓர் உண்மையாற்றில் வைத்துப் பார்த்தாலன்றி அதன் வலிமை புலப்படாது. நாம் நைல் நதியைத் தெரிந்துகொள்கின்றோம். மனிதன் ஆற்றைத் தன் தேவைக்கேற்ப மாற்றியபோது அதன் பூச்சிகளும் எவ்வாறு இடம்மாறின என்பதை அந்நதியிற்போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு நாமறிந்தவரை அரிது.

நைலின் ஒரு கிளையாகிய வெண்ணைல் விக்ரோறியா ஏரியிலிருந்து புறப்படுகின்றது. அவ்வேரியின்மேற் சில வேளைகளில், தீப்பற்றிய காட்டிலிருந்து எழும் புகைபோலக் கரிய தூண்கள் எழுவதைப் பிரயாணிகள் கண்டு எழுதியிருக்கின்றனர். அவை புகையல்ல, ஒருங்கே சிறகு பெற்று எழுந்த கொசுக்களும் அவற்றின் உறவினமான வேறு நீர்ப்பூச்சிகளுமாம். அமாவாசையை ஒட்டியே அவற்றுட் பல எழுகின்றன என்பதை 1950களில் ஆராய்ந்தோர் கண்டனர். கிழக்காபிரிக்க ஏரிக்கரை மக்கள் இப்பூச்சிகளை வாரிப் பிசைந்து அடைபோலத் தட்டிச் சுட்டு உண்பதுமுண்டு. நம் நாட்டில் ஈசலை வறுத்துண்ட மூத்தோரைக் கண்டவர்களுக்கு இது பெரிய வியப்பன்று.

மற்றக் கிளையாகிய நீல நைல் எதியோப்பிய மலைநாட்டிலிருந்து வருகின்றது. நைல் முழுவதிலும் ஓடும் நீரில் ஏறக்குறைய 85 வீதம் அம்மலைநாட்டு மழையினாலேயே கிடைக்கின்றது. யூலை தொடக்கம் செத்தெம்பர் ஈறாகச் செம்மண் கலந்த பெருவெள்ளம் பாயும். அவ்வெள்ளத்திற் சூரிய ஒளி உட்செல்லாது, அடிமணல் புரண்டுகொண்டேயிருக்கும், ஆதலால் நீரடியில் வாழ்வோர்க்கு அது பஞ்சகாலம். வெள்ளம் வடிந்து குளிர்மாதங்கள் வந்ததும் நிலைமை தலைகீழாகின்றது. நீர் தெளிகின்றது, மணல் அமைதியடைகின்றது, நுண்ணிய அல்காக்கள் பெருகுகின்றன. இரு கிளைகளும் கூடுமிடத்தில் அமைந்தது சூடானின் தலைநகராகிய காட்டூம். அந்நகரத்தார் குளிர்காலத்தில் வரும் ஒருவகைச் சிறு பச்சைக் கொசுவைப் ‘பச்சை நிமித்தி’ என்பர். நெல்மணியின் பாதியளவும் இல்லாத இக்கொசுவுக்கு 1950 இற் பிறீமன் என்னும் பூச்சியியலார் அறிவியற்பெயர் சூட்டினார். சூடானிற் பல்லாண்டு பூச்சிகளை ஆராய்ந்த லூயிசு என்பாரின் நினைவாக லூயிசி என்பது அதன் இனப்பெயராயிற்று. அதன் குடம்பி மணலடியை விரும்பி வாழ்வது.

கடியாத பூச்சியினால் யாது துன்பம் என வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். மாலை வேளையில் விளக்குகளைச் சூழ்ந்து கோடிக்கணக்கில் வந்து விழும் கொசுக்கள் உண்ணும் உணவிலும் கண்ணிலும் மூக்கிலும் புகுவதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் அவை இறந்து, உலர்ந்து, தூளாகிக் காற்றிற் கலக்கின்றன. அத்தூளைச் சுவாசித்தோருட் பலருக்கு மூக்கொழுகலும் கண்ணெரிவும் தோன்றின; சிலரைக் கடுமையான ஆத்துமா நோய் பற்றியது. கொசுப் பருவமும் இழுப்பு நோயின் பருவமும் ஒன்றாகவே வந்தன. 1980களின் தொடக்கத்திற் சூடானியரும் பிரித்தானியருமாகிய மருத்துவரும் பூச்சியியலாரும் கூடி ஆராய்ந்து, இந்நோய்க்கும் பச்சை நிமித்திக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். செருமனியில் மீனுணவாக உலர்ந்த இரத்தப்புழுவைக் கையாண்டோரும் இத்தகைய நோய்க்கு ஆளாயினர். ஆராய்ந்தபோது ஒவ்வாமையை எழுப்பும் பொருள் ஈமோகுளோபினே எனத் தெரிந்தது. சேற்றிற் குடம்பியை உயிர்பிழைக்கச் செய்யும் அதே செந்நிறப் பொருள், உலர்ந்து காற்றிற் பறக்கும்போது மனிதனின் மூச்சை அடைக்கின்றது.

இப்பூச்சி இத்துணை பெருகியது ஏன்? காட்டூமுக்கு மேலே நீல நைலிற் செனார் அணை 1925 இலும், வெண்ணைலிற் செபல் அவுலியா அணை 1937 இலும், மீண்டும் நீல நைலிற் உறொசயிறசு அணை 1966 இலும் எழுந்தன. கெசீராச் சமவெளியின் பருத்தி வயல்கள் செனார் அணை நீரினாலேயே செழித்தன. அவ்வணைகள் வேண்டாதவை என்று கூற நாம் துணியோம். ஆயினும் தேங்கிய நீர் தன் வண்டலைக் கீழே விட்டுத் தெளிகின்றது என்பதும், தெளிந்த நீரில் அல்காக்கள் திரளுகின்றன என்பதும், அந்நீர் ஆற்றிற் கீழிறங்கும்போது குடம்பிகளுக்கு விருந்தாகின்றது என்பதும் உண்மைகள். தாலிங்கு, இரோசுக்கா என்னும் நீரியல் அறிஞர் நீல நைலின் தேக்கங்களில் நுண்ணுயிர்த்தாவரங்கள் பன்மடங்காகப் பெருகுவதை அளந்து காட்டினர். கொசுப் பெருக்கத்துக்கு அணைகளும் காரணமென ஆராய்ச்சியாளர் சுட்டியது இதனாலேயே. நீல நைலிற் பூச்சிகொல்லி இட்டுக் கொசுவை ஒழிக்க முயன்றதைப் பற்றிய ஆய்வுரையொன்று 1961 இல் வெளிவந்தது. பச்சை நிமித்தியோ அதற்குப் பின்னரும் காட்டூமை விட்டு அகலவில்லை. குடி வாழும் வீடு அப்படியே இருக்கும்போது குடியை மாத்திரம் துரத்துவது எவ்வளவு தூரம் பலிக்கும்?

காட்டூமுக்குக் கீழே அசுவான்வரை நைல் 6 விரைவோட்டங்களைக் கடக்கின்றது. கருங்கற் பாறைகளிடையே நீர் நுரைத்துச் சுழித்துப் பாயும் அவ்விடங்களில் மணற்கொசுவுக்கு வேலையில்லை. அங்கே ஆட்சி செய்வது சிமூலியம் எனப்படும் கறுப்பு ஈ. இது நாம் மேலே வரையறுத்த குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நெருங்கிய உறவினம் எனலாம். கறுப்பு ஈயின் குடம்பி தன் வாயிலிருந்து நூற்ற பட்டை ஒரு திண்டுபோலப் பாறையில் ஒட்டி, உடலின் பின்னுனியிலுள்ள கொளுக்கிகளால் அத்திண்டைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்திற் சாய்ந்து நிற்கும். தலையிலுள்ள இரு விசிறிகளை விரித்து, ஓடிவரும் நீரிலிருந்து உணவை வடித்துண்ணும். ஓட்டம் நின்றால் உணவும் நின்றுவிடும். ஆகவே வேகமான நீரே அதற்கு வீடு. இவ்வீக்களுட் சில மனிதனைக் கடிப்பதோடு ஆற்றுக்குருடு என்னும் நோயைத் தரும் புழுவையும் காவுகின்றன. மேற்காபிரிக்காவில் ஆற்றோர வயல்களைக் கைவிட்டு மக்கள் ஊரோடு வெளியேறுதற்கு இந்நோய் காரணமாயிற்று. 1974 முதல் 2002 வரை ஆங்கே நடைபெற்ற பெருந்திட்டம் விரைவோட்டங்களைத் தேடித்தேடி அவற்றுக்கே மருந்திட்டது. தேங்கிய நீரில் ஒரு துளியும் வீணாக்க வேண்டியிருக்கவில்லை. உறைவிட அறிவின் பயன் இது.

சூடானில் அபூ கமட் என்னும் ஊரை அடுத்த நைற்பகுதி அந்நோய்க்குப் பேர்போனது. ஐவமெற்றின் மருந்தை மக்களுக்குத் தொடர்ந்து வழங்கியதன் பயனாக 2012 இல் அங்கு நோய் பரவுதல் அறுந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 2009 இல் நான்காம் விரைவோட்டப் பகுதியில் மெறோவே அணை கட்டி முடிந்தது. நீர் உயர்ந்து பாறைகளை மூடவே, கறுப்பு ஈ பெருகிய பழைய இடங்கள் நீர்த்தேக்கத்தின் அடியில் ஆழ்ந்தன. 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் கூறுகின்றது. ஒரே நதியில், மேலே கட்டிய அணைகள் ஒரு பூச்சிக்கு விருந்து வைத்தன. கீழே கட்டிய அணை இன்னொன்றின் வீட்டைப் பறித்தது. ஆகவே அணை நன்றோ தீதோ என்னும் பொதுவினாவுக்குப் பொதுவிடை கிடையாது. அணையின் வான்கதவுகளினூடே விரைந்து பாயும் நீரிற் கறுப்பு ஈ புதுக்குடியேறுவதும் ஆபிரிக்காவிற் கண்டதொன்றே.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கே பேசவேண்டியது கொசுவைப் பற்றியன்று, நுளம்பைப் பற்றியேயாம். எனினும் வழக்கு ஒன்றே. மலேரியாவைப் பரப்பிய அனோபிலிசு கியூலிசிபேசிசு என்னும் நுளம்பு, ஓடும் ஆற்றில் வாழாது. வற்றிய ஆற்றுப்படுக்கையிற் பாறையிடுக்கிலும் மணற்குழியிலும் தங்கிய தெளிந்த, வெயில்படும் நீரிலேயே முட்டையிடும். 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் வற்றாத தெதுரு ஓயா, மகா ஓயா முதலியன குட்டை குட்டையாகச் சுருங்கின. மலேரியாவுக்குப் பழக்கப்படாத மக்கள் செறிந்த குருநாகல், கேகாலைப் பகுதிகளை நோய் வாரிக்கொண்டது. 1934–35 இற் சுமார் 80,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. உலர்வலயமே மலேரியாவின் நாடு, ஈரவலயம் அஞ்சவேண்டியதில்லை என்றிருந்த எண்ணம் அவ்வாண்டிற் பிழைத்தது. ஈரவலயத்து ஆறு, நீர் குன்றியவுடன் உலர்வலயத்து ஆறாகிவிட்டதை எவரும் எதிர்பார்க்கவில்லை.

பின்னர் டி.டி.ரி. வந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென்று காவல் தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோய் பேரலையாக மீண்டது. பல்லாண்டு உழைப்பின்பின், 2016 செத்தெம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிசெய்தது. இவ்வரலாற்றிற் பலரும் அறியாத ஒரு சிறு பகுதியுண்டு. 1990களிற் குருளுவெவவுக்கு மேலேயுள்ள யான் ஓயாவில் ஆராய்ந்த அறிஞர், ஆற்றில் விடும் நீரின் அளவையும் வேளையையும் ஒழுங்குசெய்து, குட்டைகள் தங்கவொட்டாமற் செய்தே நுளம்பைக் குறைக்கலாமென எடுத்துக்காட்டினர். பேராதனைப் பல்கலைக்கழகப் பூச்சியியற் பேராசிரியர் அமரசிங்க அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டோருள் ஒருவர். வயலுக்கு விடும் அதே நீர், விடும் முறை மாறினால், மருந்தாகவும் ஆகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த நமக்கு ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றே உண்டு. அதுவும் மாரியில் மாத்திரம் ஓடுவது. ஆயினும் கொசுக்களின் உறைவிடத்தை ஆராய அதுவே போதும். வாய்க்காலும் கேணியும்கூடப் போதும். விலங்கியல் கற்கும் மாணவர்க்கு ஒரு வழி கூறுவோம். செருமானிய அறிஞர் தீனமான் 1910 அளவில் எடுத்துக்காட்டிய முறை இது. கொசு பறந்து போனபின் அதன் கூட்டுப்புழுத் தோல் நீரின்மேல் மிதந்து, ஒதுங்கிய நுரையிலும் கிளையடியிலும் சேர்கின்றது. அடியைக் கிளறவேண்டியதில்லை, மெல்லிய துணிவலையால் அந்நுரையை அள்ளி, வெள்ளைக் கோப்பையில் நீர்விட்டு அலசினாற் கண்ணாடிபோன்ற தோல்கள் தெரியும். இரண்டொரு நாளில் அவை அமிழ்ந்துவிடுமாதலால், கையிற் கிடைத்தவை அண்மையிற் பறந்தவற்றின் சான்றுகளே. நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, ஒன்றோடொன்று ஒவ்வாதவற்றை வேறுபிரித்து, பெயர் தெரியாவிடின் இலக்கமிட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் நீரின் வெப்பத்தையும் அடி மணலோ சேறோ என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். மழை தொடங்கி ஓட்டம் வந்த முதல் வாரத்தில் ஒரு முறையும், மாசியிற் குட்டைகளாகச் சுருங்கியபின் ஒரு முறையும் அதே இடத்தில் அள்ளிப் பார்ப்போர், இரண்டு கோப்பைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.